மாடல் ஓடுகிறது, வார்னிங்கும் வருகிறது: மின் அமைப்பு மாடலில் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முழுமையான வழிகாட்டி

மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம். மூன்று பஸ் (லைன்களும் ஜெனரேட்டர்களும் லோடும் வந்து சேரும் மின் முனை), இரண்டு லைன், திருமக்கோட்டையில் ஒரு கேஸ் ஜெனரேட்டர், நாகப்பட்டினம் பக்கம் கொஞ்சம் சோலார், மூன்று ஊரிலும் லோடு, அதில் பெரும்பங்கு பம்ப்செட். இவ்வளவுதான் மாடல். குறைந்த செலவில் எந்த ஜெனரேட்டர் எப்போது ஓட வேண்டும் என்று கணக்கிடும் பைதான் நூலகமான பைப்சாவில் எழுதினால் அறுபது எழுபது வரியில் முடிந்துவிடும். முதல் தடவை ஓட்டியபோது நிரலைவிட வார்னிங் நீளமாக வந்தது. ஆனால் கடைசியில் ஒரு விடையும் வந்துவிட்டதே, அதனால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கீழே உருட்டிப் போய் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘டெல்டாவில் சோலாரால் பெரிய பயன் இல்லை’ என்று ஒரு ஸ்லைடும் தயார் செய்துவிட்டேன். வெயில் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு நாள் நின்றவன் எவனும் இதை நம்ப மாட்டான், நான் நம்பினேன்.

அந்த மாடலைத் திருத்தியபோது கற்றுக்கொண்ட வரிசையைத்தான் கீழே தருகிறேன். பைதான் கொஞ்சம் தெரியும், பைப்சாவும், அதற்கு விடை கண்டுபிடித்துத் தரும் ஹைஸ் சால்வரும் நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். ஓசிமோசிஸ், கலையோப்பி என்று வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். செய்தியின் வாசகம் மாறும், அடியில் இருக்கும் கோளாறு பெரும்பாலும் இதேதான். லோடு, செலவு எண்களெல்லாம் பயிற்சிக்காக நான் வைத்தவை, அவற்றை எடுத்து எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள்.

முதலில் லாகை (மாடல் ஓடும்போது வரும் செய்திகளின் பதிவை) சுத்தமாக எடுங்கள்

நோட்புக்கில் வேலை செய்பவர்கள் கர்னலை மறுபடி தொடங்கிவிட்டு ஓட்டுங்கள். பைதானின் வார்னிங் அமைப்பு, ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே வார்னிங்கை இயல்பாக ஒரு தடவைதான் காட்டும். இரண்டாவது ஓட்டத்தில் அது காணாமல் போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஏற்கெனவே சொல்லிவிட்டோமே என்று சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். முழு வெளியீட்டையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பில் மூன்று குரல் கேட்கும். தரவு அட்டவணையைப் படிக்கும் பைதான் நூலகமான பாண்டாஸ் பேசுவது ஒன்று (தேதி, அட்டவணை சமாசாரம்), பைப்சா பேசுவது ஒன்று (பஸ், லைன், கேரியர் என்னும் ஆற்றல் வகை), சால்வர் பேசுவது ஒன்று (தீர்வு உண்டா இல்லையா, எண்கள் ஏற்கும் அளவில் இருக்கின்றனவா). இந்த வரிசையிலேயே, மேலிருந்து கீழாகத் திருத்துங்கள். ஒன்றைத் திருத்தியதும் மறுபடி ஓட்டுங்கள். கீழே இருக்கும் பத்தில் ஆறு, மேலே இருக்கும் ஒன்று போட்ட குட்டியாக இருக்கும். எல்லோரும் செய்யும் தவறு, கடைசியில் பெரிதாகத் தெரியும் ‘இன்ஃபீசிபிள்’ (தீர்வே இல்லை) என்ற சொல்லைப் பார்த்துப் பதறி அங்கிருந்து தொடங்குவது.

வார்னிங்கையே அணைத்துவிடும் ஒரு வரி இணையத்தில் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை ஒட்டாதீர்கள். ஃபியூச்சர் வார்னிங் என்று பாண்டாஸ் சொல்வதெல்லாம் வரும் பதிப்பில் இந்த வழக்கம் மாறும் என்பதுதான், இன்றைய விடையை அது கெடுக்காது. பைப்சாவில் எல்ஓபிஎஃப் என்ற பழைய கட்டளைக்குப் பதில் ஆப்டிமைஸ் வந்ததும் இந்த ரகம்தான். மாற்றிக்கொண்டு மேலே போங்கள்.

தேதி: ஜூன் 12 டிசம்பர் 6 ஆன கதை

நாள், மாதம், ஆண்டு என்றுதான் நாம் எழுதுவோம். சப்-ஸ்டேஷன் லோடு கணக்கை எக்செல்லில் வாங்கினாலும் அப்படித்தான் இருக்கும். பாண்டாஸ் விட்ட வழியில் விட்டால் மாதத்தை முதலில் படிக்கும். ‘நாள் முதலில் வரும் வடிவத்தில் தேதி இருக்கிறது, ஆனால் டேஃபர்ஸ்ட் ஃபால்ஸ் என்று இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு வார்னிங் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பழைய பாண்டாஸில் இன்னும் மோசம்: 12-06 என்பதை டிசம்பர் 6 என்று படிக்கும், 13-06 வந்ததும் பதிமூன்றாவது மாதம் கிடையாதே என்று தானாகவே ஜூன் 13 ஆக்கிக்கொள்ளும். ஆக ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள் ஆண்டு முழுக்கச் சிதறிப் போகும், மீதி நாட்கள் சரியாக இருக்கும். 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து முதல் தேதியின் வடிவத்தையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்வதால், இப்படிக் கலந்து படிக்காமல் பிழை காட்டும். நல்ல விஷயம்.

எனக்கு இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பாண்டாஸ் அல்ல, சித்தப்பா. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி, குறுவை நாற்றங்காலுக்காக மோட்டார் லோடு ஏறும் என்பது என் கணக்கு. வரைபடத்தை அவரிடம் காட்டினேன்.

“இது என்னடா தம்பி, கார்த்திகை மாசத்துல இவ்வளவு ஒசரமா நிக்குது?”

“மோட்டார் லோடு சித்தப்பா.”

“கார்த்திகையில எவன்டா மோட்டார் போடுவான்? வயல்ல நிக்கிற தண்ணிய எப்படி வடிக்கிறதுன்னு தவிச்சிட்டு இருப்போம்.”

திருத்தம் ஒரே வரி. தேதியைப் படிக்கும் கட்டளையில் டேஃபர்ஸ்ட் ட்ரூ என்று போடுங்கள், இன்னும் நல்லது வடிவத்தையே முழுதாக எழுதிக் கொடுப்பது. பிறகு வரிகளை எண்ணிப் பாருங்கள்: மணிக்கணக்கில் சாதாரண ஆண்டுக்கு 8760, 2020, 2024 போன்ற லீப் ஆண்டுக்கு 8784. வெயில் தரவு ஒரு ஆண்டிலிருந்தும் லோடு இன்னொரு ஆண்டிலிருந்தும் எடுத்திருந்தால் இந்த 24 மணி வித்தியாசமே ‘ஸ்னாப்ஷாட்டோடு (மாடல் கணக்குப் போடும் நேரங்களின் பட்டியலோடு) நேர வரிசை பொருந்தவில்லை’ என்ற பைப்சா வார்னிங்காக வந்து நிற்கும். பிப்ரவரி 29-ஐ இரண்டிலும் எடுத்துவிடுவது எளிய வழி.

ஐந்தரை மணி நேரம்

என் ஸ்லைடைக் கெடுத்தது இதுதான். ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் எழுதிய பாடங்களில் இது பெரிதாக வராது, அவர்களுக்கு வித்தியாசம் பெரும்பாலும் முழு மணியாக ஒன்றோ இரண்டோதான்.

ஈஆர்ஏ5 மாதிரியான வானிலைத் தரவுகள் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில், மணிக்கு ஒன்றாக வரும். நம் லோடு இந்திய நேரத்தில். யுடிசியை இந்திய நேரத்துக்கு மாற்றினால் நள்ளிரவு 00:00 என்பது காலை 05:30 ஆகும், அடுத்தது 06:30, அதற்கடுத்தது 07:30. லோடோ 05:00, 06:00, 07:00 என்று முழு மணியில் நிற்கிறது. இரண்டையும் நேரத்தை வைத்து இணைத்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. ஆக அட்டவணையில் சோலார் நெடுவரிசை முழுதும் என்ஏஎன், அதாவது ‘எண் இல்லை’. (அதை ‘நான்’ என்றே உச்சரிப்பவர்கள் உண்டு. தமிழில் எழுதும்போது யார் மீது பழி விழுமோ தெரியாது என்பதால் என்ஏஎன் என்றே எழுதுகிறேன்.) பைப்சா ஒழுங்காகச் சொன்னது, நேர வரிசையில் என்ஏஎன் இருக்கிறது என்று. நான் என்ன செய்தேன்? ஃபில்என்ஏ போட்டுப் பூஜ்யத்தால் நிரப்பினேன். வார்னிங் போய்விட்டது. சூரியனும் போய்விட்டது. ஆண்டு முழுக்க கேஸ் மட்டும் ஓடியது.

சரி, எப்படிச் செய்வது? ஈஆர்ஏ5-இல் கதிர்வீச்சு மதிப்பு அந்த நேரக்குறிக்கு முந்தைய ஒரு மணியைக் குறிக்கும். ஆகவே 00:00 யுடிசி மதிப்பு என்பது நம் நேரத்தில் 04:30 முதல் 05:30 வரை, 01:00 யுடிசி மதிப்பு 05:30 முதல் 06:30 வரை. நமக்கு வேண்டியது 05:00 முதல் 06:00 வரை. அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் சராசரியை எடுத்தால் அதுதான், பாதி அங்கிருந்து, பாதி இங்கிருந்து. வேறு மூலத்திலிருந்து தரவு எடுத்தால் நேரக்குறி மணியின் தொடக்கமா முடிவா என்று அதன் விளக்கத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: நம் ஜனவரி 1 நள்ளிரவு என்பது யுடிசியில் டிசம்பர் 31 மாலை 18:30. அதனால் முந்தைய ஆண்டின் கடைசி நாளையும் சேர்த்தே பதிவிறக்குங்கள், இல்லாவிட்டால் முதல் சில மணி நேரம் ஓட்டையாக நிற்கும். மாற்றி முடித்ததும் நேர மண்டலக் குறிப்பை நீக்கிவிட்டு வெறும் நேரமாக ஸ்னாப்ஷாட்டில் வையுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க சூரியனையே கேட்கலாம். நாகப்பட்டினம் ஏறத்தாழ கிழக்கு 79.8 பாகையில் இருக்கிறது, இந்திய நேரத்தின் அடிப்படைக் கோடு 82.5. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் உச்சிப்பொழுது சராசரியாக 12:10 வாக்கில் வர வேண்டும், ஆண்டில் கால் மணி நேரம் முன்பின் போகும். மேகமில்லாத ஒரு ஏப்ரல் நாளை வரைந்து பாருங்கள். உச்சி 6:40 பக்கம் நின்றால் தரவு இன்னும் யுடிசியில்தான் இருக்கிறது. மாலை 5:40-க்கு நின்றால் ஐந்தரை மணியை இரண்டு தடவை கூட்டிவிட்டீர்கள். சிரிக்காதீர்கள், அதையும் செய்திருக்கிறேன்.

என்ஏஎன் நல்லது, பூஜ்யம் ஆபத்து

ஓட்டை இருந்தால் வார்னிங் வரும். பூஜ்யத்துக்கு வராது. 2018-ஆம் ஆண்டு லோடை எடுத்துப் பாருங்கள். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது, கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் பதிவான பூஜ்யம் உண்மையான பூஜ்யம்தான், லைனில் மின்சாரம் பாயவே இல்லை. ஆனால் மாடலுக்கு அது ‘யாருக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை’ என்று அர்த்தமாகும். தேவை வேறு, கொடுத்தது வேறு. இதை எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

நான் செய்வது இது: தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் பூஜ்யம் நிற்கும் இடங்களையெல்லாம் பட்டியலிட்டு, வேண்டுமென்றே என்ஏஎன் ஆக்கிவிட்டு, பிறகு காரணம் பார்த்து நிரப்புவேன். ஓரிரு மணி ஓட்டைக்கு இருபக்க மதிப்பிலிருந்து இடைக்கணிப்பு போதும். நாள்கணக்கில் என்றால் முந்தைய வாரத்தின் அதே கிழமை. கஜா மாதிரி என்றால் அந்த ஆண்டையே விட்டுவிட்டு வேறு ஆண்டை எடுப்பது நேர்மை.

பேர் பிரச்சினை

‘இந்த ஜெனரேட்டர்களின் பஸ் வரையறுக்கப்படவில்லை’ என்று பைப்சா சொன்னால் நம் ஊரில் காரணம் தேட வேண்டியதே இல்லை, ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். திருவாரூருக்கு ‘டி’க்குப் பின் ‘எச்’ போட்டு ஒரு கோப்பு, போடாமல் ஒரு கோப்பு. நாகப்பட்டினத்துக்கு ஒரு ‘பி’யா இரண்டா என்பது அந்தக் கோப்பைத் தட்டியவரின் அன்றைய மனநிலை. பேருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது வேறு பஸ்தான். ஜெனரேட்டர் அந்தரத்தில் தொங்கும், அந்த பஸ் ‘எதுவும் இணைக்கப்படாதது’ என்று இன்னொரு வார்னிங் வாங்கும், பதிப்பைப் பொறுத்து பிழையாகவே நின்றும் விடும். எல்லாப் பேரையும் சிறிய எழுத்தாக்கி, முன்பின் இடத்தை வெட்டி, மாவட்டத்துக்கு ஒரு குறியீடு வைத்து ஒரே ஒரு அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேர் ஒன்றாக இருந்தும் பொருள் மாறும் இடம் ஒன்று உண்டு. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. அதற்கு முந்தைய ‘நாகப்பட்டினம் மாவட்டம்’ என்ற எண்ணில் மயிலாடுதுறையும் அடக்கம். இரண்டையும் ஒரே வரிசையில் ஒட்டினால் லோடு திடீரென்று விழுந்த மாதிரித் தெரியும், அதற்கு வார்னிங் கிடையாது.

கேரியர் வார்னிங்கைத்தான் பலர் ‘இது ஒன்றும் செய்யாது’ என்று தாண்டுவார்கள். பாதி உண்மை. செலவு கணக்கை அது தொடாது. ஆனால் கரியமில வாயு உச்சவரம்பு வைத்திருந்தால், உமிழ்வு அளவு கேரியர் அட்டவணையிலிருந்துதான் வருகிறது. அட்டவணையில் ‘கேஸ்’ என்பதைச் சின்ன ஜி-யில் எழுதி, ஜெனரேட்டரில் பெரிய ஜி போட்டிருந்தால் திருமக்கோட்டை நிலையத்தின் புகை கணக்கிலேயே வராது. அது சுமார் 108 மெகாவாட், இந்த மாடலில் இருக்கும் ஒரே எரிபொருள் நிலையம். வரம்பு வைத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

லைன்

‘இந்த லைன்களின் எக்ஸ் பூஜ்யம்’ என்று வந்தால் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு லைன் காட்டும் எதிர்ப்பு) கொடுக்கவில்லை என்று பொருள். 110 கேவி மேல்நிலை லைனுக்குப் பயிற்சி மாடலில் கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று வைத்து நீளத்தால் பெருக்கிக் கொடுங்கள். இதைவிட மோசமானது எஸ்-நாம் என்ற கொள்ளளவைக் கொடுக்க மறப்பது. அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம், பூஜ்யம் கொள்ளளவுள்ள லைன் இருந்தும் இல்லாத மாதிரிதான், வார்னிங்கும் வராது. ஜெனரேட்டரின் கொள்ளளவான பி-நாம் விஷயத்திலும் இதே கதை.

இத்தனையும் முடிந்த பிறகு, ஆப்டிமைஸ் கூப்பிடும் முன், கன்சிஸ்டென்சி செக் என்ற கட்டளையைத் தனியாக ஓட்டுங்கள். அது மௌனமாகத் திரும்பினால் மட்டும் சால்வர் பக்கம் போங்கள்.

இன்ஃபீசிபிள்

‘ஸ்டேட்டஸ்: வார்னிங், டெர்மினேஷன் கண்டிஷன்: இன்ஃபீசிபிள்’. எல்லா நிபந்தனையையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வழியே இல்லை என்று சால்வர் சொல்கிறது, எது இடிக்கிறது என்று சொல்லவில்லை. குரோபி என்ற கட்டணச் சால்வரின் உரிமம் உள்ளவர்கள், பைப்சாவுக்கும் சால்வருக்கும் இடையே நிற்கும் லினோபி நூலகத்தில் இடிக்கும் நிபந்தனைகளை அச்சிடச் சொல்லலாம். நமக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பஸ்ஸிலும் ‘கட்’ என்று ஒரு போலி ஜெனரேட்டரை வையுங்கள். பவர் கட் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம், மாடலுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். யூனிட்டுக்கு ₹100, அதாவது மெகாவாட்-மணிக்கு ₹1,00,000 என்று செலவு வைத்தால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது ஓடும். இப்போது மாடல் தீரும். ‘கட்’ எங்கே, எப்போது ஓடியது என்று பாருங்கள், அதுதான் நோயின் இடம்.

எல்லா மணியிலும் எல்லா ஊரிலும் ஓடினால் அலகுத் தவறு. எனக்கு அதுவும் நடந்தது. டெல்டாவில் விவசாய இணைப்புகள் பெரும்பாலும் மீட்டர் இல்லாதவை, ஆகவே பம்ப்செட் லோடைக் குதிரைத்திறனிலிருந்துதான் கட்ட வேண்டும். 5 எச்பி என்றால் 3.73 கிலோவாட், 5000 மோட்டாருக்கு 18,650 கிலோவாட். பைப்சாவின் அலகு மெகாவாட். 18.65 என்று போட வேண்டிய இடத்தில் 18,650 போட்டால் மன்னார்குடி ஒன்றே ஒரு மாநிலத்தின் அளவுக்கு மின்சாரம் கேட்கும். (5 எச்பி என்பது மோட்டாரின் வெளியீடு, உள்ளே இழுப்பது அதைவிடக் கூட, பழைய மோட்டாராக இருந்தால் இன்னும் கூட. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

ஒரு ஊரில் மட்டும் ஓடினால் லைன் கொள்ளளவு. இரவில் மட்டும் என்றால் சோலாரை மட்டும் நம்பி நிற்கும் பஸ் ஏதோ இருக்கிறது. மாடலில் பேட்டரி சேர்த்தவர்களுக்கு, வரிசையின் முதல் சில மணியில் மட்டும் என்றால் பேட்டரியின் தொடக்க இருப்பைப் பூஜ்யமாக விட்டிருப்பீர்கள், சுழற்சி முறையில் (கடைசி இருப்பே தொடக்க இருப்பாக) வையுங்கள்.

எண்களின் வீச்சு

கட் செலவை ‘பெரிதாக இருக்கட்டுமே’ என்று நூறு கோடி வைத்தவர்களுக்கு அடுத்த வார்னிங் காத்திருக்கிறது: கெழுக்களின் வீச்சு மிகப் பெரியது. ஹைஸ் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே மேட்ரிக்ஸ், காஸ்ட், பவுண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் சிறியது, பெரியது என்று இரண்டு எண் அச்சிடும். மேட்ரிக்ஸில் இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்குக்குள் இருந்தால் நிம்மதி. மிகச் சிறிய எண் வருவது பெரும்பாலும் சோலாரிலிருந்து: விடியற்காலையில் 0.0000003 என்றெல்லாம் பி-மேக்ஸ்-பியூ (கொள்ளளவில் அந்த மணியில் கிடைக்கும் பங்கு) இருக்கும். 0.001-க்குக் கீழ் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். பெரிய எண் வருவது ரூபாயிலிருந்து. எல்லாச் செலவையும் ஆயிரம் ரூபாயில் வைத்தால் மூன்று இலக்கம் குறையும், லட்சத்தில் வைத்தால் ஐந்து. வரம்பு வேண்டாத இடத்தில் 999999999 என்று தட்டாமல் முடிவிலி என்றே கொடுங்கள்.

வார்னிங் வராத மூலதனச் செலவையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். பைப்சா கேட்பது ஆண்டுச் செலவு. மெகாவாட்டுக்கு ₹4 கோடி என்று வைத்தால், 10 சதவீத வட்டி, 25 ஆண்டு ஆயுளுக்கு ஆண்டுக்குச் சுமார் ₹44 லட்சம். நேரே 4 கோடியைப் போட்டால் மாடல் சோலார் கட்டவே கட்டாது. ஒரு வாரத்தை மட்டும் ஓட்டுபவர்கள் ஸ்னாப்ஷாட் வெயிட்டிங்கை (ஒரு மணி எத்தனை மணிக்குச் சமம் என்ற எடையை) 8760-ஐ 168-ஆல் வகுத்து 52.14 என்று வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்துச் சேமிப்பை ஓராண்டு மூலதனத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஷேடோ பிரைஸ் (ஒரு நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தினால் செலவு எவ்வளவு மாறும் என்ற எண்) சிலவற்றை நெட்வொர்க்கில் ஏற்றவில்லை என்று ஒரு வரி கடைசியில் வரும். அது தகவல்தான், விடுங்கள்.

இப்போது என் லாகில் மிஞ்சுவது அந்த வரியும் ஒரு ஃபியூச்சர் வார்னிங்கும்தான். பகலில் சோலார் ஏறுகிறது, கேஸ் இறங்குகிறது, மோட்டார் லோடு ஜூனில் நிமிர்ந்து ஐப்பசி மழையில் படுத்துக்கொள்கிறது. புது வரைபடத்தை எடுத்துப் போய்ச் சித்தப்பாவிடம் மறுபடி காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாசம் சரியா இருக்கு. ராத்திரி முறைக்கு விடுவானே த்ரீ பேஸ், டார்ச் எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போவோமே, அது எங்கடா?”

பம்ப்செட் லோடை முழுக்கப் பகலிலேயே வைத்திருந்தேன். லோடு கோப்பைத் திரும்பத் திறந்திருக்கிறேன்.